காத்திருப்போருக்கான இசை

சூடாகக் காப்பி குடித்து எனக்கு வெகு காலமாகியிருந்தது, ஐயா. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போதே தொலைபேசி அடிக்கும்.

நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. இந்த நீஷ் நகரில் பலரும் எங்களை நம்பித்தான் மூச்சுவிடுகிறார்கள். அலுவலகத்தின் இணையத் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வரவேற்பில் இருக்கும் ஸ்னெஷானா ஓர் அழைப்பை டெலிவரிப் பிரிவுக்கு மாற்றுவாள். மறுமுனையில் ஆள் எடுத்தாரா என்று பார்க்காமல் வைத்துவிடுவாள். எல்லோருமே அப்படித்தான். யார் எடுக்கிறாரோ அவர் தலையில்தான் அது விடியும் என்பதால் யாரும் சட்டென்று எடுப்பதுமில்லை. எடுக்கப்படாத அழைப்புகள் சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வரும். இணைப்பில் கோளாறு என்று என்னைத் திட்டுவார்கள். கோளாறு இணைப்பில் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஆகவே புதிதாக ஓர் உள் எண்ணை உருவாக்கினேன். அதன் மறுமுனையில் தொலைபேசி கிடையாது, இசை மட்டும் ஒலிக்கும். திரும்பி வரும் அழைப்புகளெல்லாம் அங்கே போகும்படி செய்தேன். காத்திருப்பவர்கள் அலுத்துப்போய்த் தாங்களே வைத்துவிடுவார்கள்.

"ரதோய்கா, நீ சூனியக்காரிடி," என்றாள் ஸ்னெஷானா. "ஒரு கால்கூட திரும்பி வரலையே. என்ன மாயம் பண்ணினே?"

"கோளாறைச் சரிபண்ணிட்டேன்."

அந்த வாரம் காப்பி சூடாக இருந்தது.

புனித நிக்கோலா நாளன்று டெலிவரித் தலைவர் குவோஸ்தென் வீட்டில் குலப் புனிதர் விருந்து. அதற்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. தெரிந்தவர்கள் தாமாகவே போக வேண்டும். யாராவது ஒருவர் அலுவலகத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவே விருந்து மீன் சாப்பிடப் போய்விட்டது.

மதியம் ஸ்னெஷானா கோட்டை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தெசாங்கான்னு ஒரு அம்மா. புருஷனுக்கு சிலிண்டர் தீரப்போகுதாம். டெலிவரிக்கு மாத்திவிட்டேன். யாராச்சும் எடுப்பாங்கல்ல?"

"எடுப்பாங்க. நீ கிளம்பு, மீன் தீர்ந்துடப் போகுது."

சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த அழைப்பு என் திரையில், நான் உருவாக்கிய அந்த இசை எண்ணுக்கு நேரே, பச்சைப் புள்ளியாக வந்து நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கிடங்குச் சாவிகூட என்னிடம் இருந்தது. ஆனால் எடுத்தால் அது என்னுடையதாகிவிடும். வண்டி, முகவரி, அழுகை எல்லாம். அந்த எண்ணைப் பற்றியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பேசாமல் கேட்க மட்டும் ஒரு வழி உண்டு. கேட்டேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று அந்த அம்மா தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "லைன் கிடைச்சிருச்சு. வெச்சா மறுபடி கிடைக்காது. இதோ, எடுத்துருவாங்க."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். புள்ளி அணையவே இல்லை. ஒரு கட்டத்தில் அந்த அம்மா அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு இசை மட்டும் ஓடியது.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மாவின் கணவர் இறந்த செய்தி வந்துவிட்டது. குவோஸ்தென் விருந்தில் மிஞ்சிய இனிப்புக் கோதுமையோடு வந்தார். எங்கள் வழக்கத்தில் புனிதருக்குப் படைப்பதும் இறந்தவர்களுக்குப் படைப்பதும் அதே கோதுமைதான். "நீ மட்டும்தான் வரலை, சாப்பிடும்மா," என்றார். இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

வாக்குமூலத்தில் இரக்கமில்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அந்த இசை சற்று இரைச்சல்தான், கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று மாலையே மாற்றிவிட்டேன். காத்திருப்பவர்களுக்கு இப்போது மென்மையான பியானோ ஒலிக்கிறது.