இருபத்தோரு வருஷத்துக் காற்று

பஸ்ஸில் வந்ததால் முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும், மேடம். விமான நிலையம் கட்ட ஆலோசனை சொல்லியே முப்பது வருஷம் பிழைத்தவன் பஸ்ஸில் வந்து இறங்குகிறானே என்று உங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலக வாசலில் நின்ற காவலர்கூடச் சிரித்தார். எனக்குப் பறப்பது அவ்வளவாக ஆகாது. காது அடைத்துக்கொள்ளும்.

எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். சப்ரியின் மனைவி நஸ்மியே மனு போட்டிருக்கிறார். அந்த விமான விபத்தில் பதினொரு பேர் செத்ததற்குத் தன் கணவர் காரணமில்லை, தீர்ப்பிலிருந்து அவர் பெயரை எடுக்க வேண்டும் என்கிறார். ஆள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பெயராவது மிஞ்சட்டும் என்று அந்த அம்மாள் நினைப்பது நியாயம்தான். அது நான் இன்று சொல்லப்போவதைப் பொறுத்தது என்றீர்கள். சொல்லிவிடுகிறேன், எனக்கும் அலுத்துப்போய்விட்டது. வக்கீல் வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் முடிய வேண்டியதை ஒரு வாரம் இழுப்பார்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வியன்னாவில் இருக்கிற ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு நான் இங்கே, அல்பேனியாவில், உள்ளூர் ஆள். மோல்டோவா, கொசோவோ, எத்தியோப்பியா என்று அவர்கள் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். ஏழை நாட்டுக்கு விமான நிலையம் வேண்டும், கடன் கொடுக்கிற வங்கிக்கு அறிக்கை வேண்டும், அமைச்சருக்கு நாடா வெட்ட வேண்டும். நாங்கள் அறிக்கை எழுதுவோம். எந்த நாடாக இருந்தாலும் முதல் இருபது பக்கம் ஒன்றுதான், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவோம். ஊருக்கு ஊர் மாறுவது மண்ணும் காற்றும்தான்.

காற்று விஷயம் ரொம்ப எளிது. விமானம் காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் அடித்தால் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஓடுபாதையை எந்தத் திசையில் போடுவது என்று முடிவு செய்ய ஐந்து வருஷக் காற்றுப் பதிவாவது வேண்டும். நூறு நாளில் தொண்ணூற்றைந்து நாளாவது பத்திரமாக இறங்க முடிந்தால்தான் வங்கி சம்மதிக்கும். விமான நிலையம் வரவிருந்த வெலிஷ்டாப் பள்ளத்தாக்கில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வருஷப் பதிவு. அதுவும் குளிரே இல்லாமல் போன வருஷம். அதன்படி தொண்ணூற்றேழு வந்தது.

அப்போதுதான் நகராட்சியில் ஒருவர் சப்ரியைப் பற்றிச் சொன்னார். பழைய ஆட்சியில் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வானிலைக் கூடம் இருந்தது, அதில் வேலை பார்த்தவர். நான் அவர் வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நஸ்மியே பியூரெக் என்கிற, கீரை வைத்த அடுக்கு ரொட்டியைச் சுட்டு வைத்திருந்தார். வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஊறுகாய் போட்ட மிளகாய், வீட்டில் காய்ச்சிய ரக்கிச் சாராயம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

"கட்டிக்கிட்ட தேதியை மறந்துடுவாரு இந்த மனுஷன்," என்றார் நஸ்மியே. "எழுபத்தெட்டு மார்ச்சுல எந்தப் பக்கமிருந்து காத்தடிச்சுதுன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவாரு."

"அது என் சம்பளத்துக்குச் செஞ்ச வேலைடி. கல்யாணத்துக்கு எவன் சம்பளம் குடுத்தான்?" என்றார் சப்ரி.

உள்ளே போய் ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபத்தாறிலிருந்து இருபத்தோரு நோட்டுகள், வருஷத்துக்கு ஒன்று. காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு என்று மூன்று வேளையும் காற்றின் திசை, வேகம். பலத்த காற்றுக்குச் சிவப்புப் பென்சில்.

"தொண்ணூத்தேழு கலவரத்துல ஊரே ராணுவக் கிடங்கை ஒடைச்சுத் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடிச்சு, எஞ்சினியர் தம்பி. நான் இதைத் தூக்கிட்டு ஓடியாந்தேன். என் மச்சான் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், இதை வெச்சு யாரைச் சுடப்போறேன்னு."

பையை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். நகல் கிடையாது. ரசீது எழுதித் தருகிறேன் என்றதற்கு அவர் முகம் சுருங்கியது. "என் வீட்ல கை நனைச்ச மனுஷன்கிட்ட ரசீது வாங்கினா ஊர் என்னை என்ன சொல்லும்?" என்றார். நீங்களும் தெற்குப் பக்கத்துக்காரர்தான், மேடம். தன் வீட்டு ரொட்டியும் உப்பும் தின்றவனை நாலு பேர் முன்னால் நம் ஆட்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவன் துரோகம் செய்திருந்தாலும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார்.

அறிக்கை போக ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. ஓடுபாதையை ஆற்றோரமாகப் போடுவது என்று அமைச்சர் ஏற்கெனவே மேடையில் அறிவித்துவிட்டார். திசையைத் திருப்பினால் இரண்டு கிராமங்கள், நூற்று நாற்பது வீடுகள் போக வேண்டியிருக்கும், இரண்டு வருஷம் தள்ளிப்போகும், வங்கி வேறு நாட்டைப் பார்க்கப் போய்விடும். அதற்குள் இருபத்தோரு நோட்டை யார் உட்கார்ந்து படிப்பது? பையைப் பெட்டிக்குள் வைத்தேன். வியன்னாவுக்கு நோட்டுகள் இருப்பதே தெரியாது. அறிக்கையில் தொண்ணூற்றேழு என்றே போனது.

வங்கியின் விதிப்படி ஊர்க்கூட்டம் ஒன்று நடத்த வேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் நடத்தினோம். சப்ரி முன்வரிசையில் எழுந்து நின்று முர்லானைப் பற்றிப் பேசினார். முர்லான் என்பது அந்தப் பக்கத்துக் குளிர்காற்று, மலை இடுக்கிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே வந்து விழும். பின்னால் யாரோ கத்தினார்கள்: "யோவ் சப்ரி, உன் காத்தை மூட்டை கட்டி வீட்ல வெச்சுக்கோ. எங்களுக்கு ஏரோப்ளேன் வேணும்!" மண்டபமே சிரித்தது. வங்கிப் பெண்மணி என்னைப் பார்த்து, பழைய பதிவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கிடைத்த பதிவுகள் அனைத்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன என்றேன். சப்ரி உடனே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம நோட்டு உபயோகப்பட்டுச்சு இல்ல, தம்பி? அது போதும் எனக்கு."

நான் அவருக்கு நல்லதும் செய்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விமான நிலையம் திறந்தபோது வானிலைப் பிரிவுக்கு அவரைத்தான் சிபாரிசு செய்தேன். அறுபத்து மூன்று வயதில் மறுபடி சீருடை போட்டார். நஸ்மியே தினமும் அதற்குப் பெட்டி போட்டுக் கொடுப்பாராம்.

காற்றுமானிக் கம்பத்தைக் கட்டடத்தின் மறைவில் நட்டிருந்தோம். கேபிள் அதுவரைதான் எட்டியது. காற்று அங்கே எப்போதும் குறைவாகவே காட்டும். மாற்ற வேண்டும் என்று சப்ரி ஏழு கடிதம் எழுதினார். ஏழும் ஆலோசகரின் கருத்துக்காக என்னிடம் வந்தன. கம்பத்தை வெளியே நகர்த்தினால் உண்மையான காற்று தெரியும், தெரிந்தால் அறிக்கையைத் தோண்டுவார்கள். தற்போதைக்குத் தேவையில்லை என்று ஏழிலும் எழுதினேன். கருவி காட்டும் எண்ணைத் தவிர வேறு எதையும் விமானிக்குச் சொல்லக் கூடாது என்று பணி விதியிலும் எழுதியிருந்தேன். அது எல்லா நாட்டுக்கும் நாங்கள் கொடுக்கிற விதிதான்.

மூன்றாம் வருஷம் மார்ச் பதினேழு, காலை பத்தே முக்கால். நாற்பத்தாறு பேரோடு வந்த விமானம். சப்ரி கருவியைப் பார்த்து எண்ணைச் சொன்னார். அது இறங்கத் தோதான எண். ஓடுபாதையைத் தொடுகிற நேரத்தில் முர்லான் குறுக்கே விழுந்து, விமானம் பாதையை விட்டு விலகி வடிகால் கால்வாய்க்குள் போனது. பதினொரு பேர். அவர்களில் ஒரு பல் வைத்தியரும், தம்பி கல்யாணத்துக்கு வந்த அக்காள் தங்கை இருவரும் உண்டு. பட்டியலை நான் முழுதாகப் படித்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

வழக்கு நடந்தபோது நிபுணர் சாட்சியாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆலோசகர் வேறு யாரும் இல்லை. இருபத்தோரு வருஷம் அதே இடத்தில் காற்றைக் கவனித்த ஒருவருக்கு, கருவி காட்டுவது தப்பு என்று ஜன்னல் வழியே பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும் என்றேன். விதியைக் காட்டி ஒளிந்துகொள்ள முடியாது என்றும் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சப்ரி குற்றவாளிக் கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வக்கீலிடமும் சொல்லியிருக்கவில்லை.

இடைவேளையில் தாழ்வாரத்தில் காவலரிடம் கேட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார். யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"தம்பி, நீங்களே சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன், அண்ணே."

"எனக்குத் தெரியும். அவசரமில்ல, பதட்டப்படாம சொல்லுங்க."

ஆறு வருஷம் தீர்ப்பானது. இரண்டாவது குளிர்காலத்தில் சிறையிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

நாற்பது நாள் கழித்து நஸ்மியே டிரானாவில் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் போட்ட அத்திப்பழப் பாகு ஒரு ஜாடியை மேசைமேல் வைத்தார். "உங்க நியாயம் எதுவும் எனக்கு வேணாம், எஞ்சினியர். நோட்டைக் குடுங்க. அந்த மனுஷன் கையெழுத்துன்னு வீட்ல வேற ஒண்ணுமே இல்ல."

அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டன என்றேன். "எலி தின்னிருந்தாக்கூட இருபத்தோரு அட்டை மிஞ்சியிருக்குமே," என்றார். பிறகு ஜாடியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் புது ஓடுபாதைத் திட்டம் வந்தது. இந்தத் தடவை சரியான திசையில் போட வேண்டும் என்று வங்கி பிடிவாதமாக நின்றது, நீண்ட காலப் பதிவு கேட்டது. வேறு யாரிடமும் இல்லை. நான் நோட்டுகளை எடுத்து, உட்கார்ந்து ஒழுங்காக அட்டவணை போட்டேன். நல்ல அறிக்கை, மேடம். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்லது அதுதான். அந்த நூற்று நாற்பது வீடுகளுக்கும் இப்போது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கிறது. அட்டவணை ஏன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறிலிருந்து தொடங்குகிறது என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டினேன். அட்டவணையின் கீழே சப்ரியின் பெயரைப் போடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தண்டனை பெற்றவர் பெயர் வங்கிக்குப் போகிற அறிக்கையில் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

இனி நீங்கள் இரண்டு தரம் கேட்ட கேள்வி. நோட்டுகளை எப்போது படித்தேன். முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகு என்றால் கவனக்குறைவு, அதற்கு முன்பே என்றால் சட்டப் பிரிவே வேறு என்று நல்ல மனசோடு எடுத்துச் சொன்னீர்கள். பிறகுதான் படித்தேன் என்று சொல்லிவிட்டால் மறுக்க ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

முன்பே படித்துவிட்டேன். அந்த ஒன்பது நாளில் நாலு நாள் ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருபத்தோரு நோட்டையும் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். கூட்டிப் பார்த்தால் எண்பத்தெட்டுதான் வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை போட்டேன், அப்போதும் எண்பத்தெட்டு. மார்ச் மூன்றாவது வாரத்தில் பதினெட்டு வருஷம் சிவப்புப் பென்சில் இருந்தது. அதற்கப்புறம்தான் தொண்ணூற்றேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சப்ரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னபோது, அவர் அதை எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

நோட்டுகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றே ஒன்றை மட்டும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு நடந்த காலம் முழுக்க, பிறகு சிறையில் இருந்த காலம் முழுக்க, நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு தரம் அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருப்பேன். மனுஷன் கடைசிவரை சொல்லவே இல்லை. அவர் அப்படிப் பிடிவாதமாக இருந்ததற்கு நான் என்ன செய்ய முடியும், மேடம்?