எழிலரசி வரைந்த வேலை வழி

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி சுரேஷ்குமார் அவர்களே, மறைந்த எழிலரசி அம்மையாரின் கணவர் புகழேந்தி அவர்களே, ஆலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, கொள்முதல் பிரிவு வேடியப்பனின் வணக்கம்.

அந்தப் பௌர்ணமியை மறக்க முடியுமா? அடி அண்ணாமலைக் கடைகளுக்குப் போன நம் கடலை எண்ணெய் வண்டி, கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதை அடைத்திருந்ததால் ஊருக்கு வெளியே மறிக்கப்பட்டுச் சரக்கோடு திரும்பியது. அது முதல் முறையும் அல்ல. மறுநாள் கூட்டத்தில், ஓட்டுநர் முருகவேலை வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது.

புதிதாக வந்திருந்த மேலாளர் எழிலரசி அம்மையார் எழுந்தார். "ஆளை அப்புறம் பாக்கலாம் சார். வேலை எங்க நிக்குதுன்னு மொதல்ல பாக்கலாம்" என்றார்.

"இதுல பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது?" என்றார் முதலாளி.

அம்மையார் விட்டாரா? கடைக்காரர் போன் செய்வது முதல் டின் கடையில் இறங்குவது வரை ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். "இந்த வேலை யாருகிட்டேருந்து உங்களுக்கு வருது? நீங்க யாருகிட்ட தரீங்க?" கேட்டதையெல்லாம் கிடங்குச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கோடு இழுத்து வரைந்தார்.

ஓரிடத்தில் கோடு அறுந்து நின்றது. பாதை அடைப்பது ஆலைக்குத் தெரியும் என்று, கடைகளின் ஆர்டரை வாங்கும் நம் டவுன் அலுவலகம் இருந்துவிட்டது. முன்கூட்டியே அனுப்பவேண்டுமென்றால் டவுனிலிருந்து சொல்வார்கள் என்று ஆலை இருந்துவிட்டது. திருவண்ணாமலையில் பௌர்ணமி யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் யாரிடமும் சொல்லவில்லை. முருகவேலுக்கு அன்று காலையில்தான் வண்டிச் சாவியே கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளி அந்தக் கோட்டை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். பிறகு முருகவேலைக் கூப்பிட்டு, "மனசுல வெச்சுக்காதப்பா" என்றார்.

அந்த முருகவேல் இதோ முன்வரிசையில் இருக்கிறார். பேசக் கூப்பிட்டேன். "என்னால முடியாதுண்ணா. அந்தம்மா இல்லன்னா என் குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன், தம்பி.

பிறகு கொள்முதல், செக்கு, விற்பனை என்று ஆலையின் எல்லா வேலையையும் அவர் வரைந்தார். ஒரு நாள் கேட்டேன்: "எல்லாருக்கும் கட்டம் போட்டீங்க, உங்க கட்டம் எங்க மேடம்?"

சிரித்தார். "நான் இல்லன்னா வேலை நின்னுடக் கூடாதுங்க. அதுக்குத்தானே இவ்ளோ பாடு."

அவரைக் கடைசியாக மயானத்துக்கு வழியனுப்பிய வாரமே பௌர்ணமி வந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. முந்தின நாளே வண்டி போனது, எல்லாக் கடையிலும் எண்ணெய் இறங்கியது. வேலை ஒழுங்காக நடந்ததற்காக நாங்கள் அழுதது அன்றைக்குத்தான்.

தை மாதம் இரண்டாவது ஆலையைத் திறக்கிறோம். அங்கே யார் மீதும் பழி போடும் முன், வேலை போகும் வழியை நடந்து பார்ப்போம். இது அம்மையாருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

புகழேந்தி அவர்களே, அவர் நேரத்துக்கு வீடு வராத மாலைகளை எல்லாம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர் நீங்கள். அந்த மாலைகளைத் திருப்பித் தர எங்களால் முடியாது. நன்றி, ஐயா.