கடைசிப் புள்ளி

திருகோணமலைத் துறைமுகத்தடியில் பஸ் ஏறினேன். சீனக்குடாவில் இறங்க வேண்டும். முன் இருக்கையில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் அக்கா, மடிக்கணினியை விரித்து வைத்திருந்த தம்பியை அதட்டினார்.

“எங்கட விடுதிப் பெயர் ஏன்ரா இதில ரெண்டு தரம் கிடக்கு?”

என் காது முன் இருக்கைக்குப் போய்விட்டது.

“புள்ளி வைக்க மறந்திட்டன் அக்கா. எங்கட இணையத்தள அமைப்பில, மெயில் எங்க வரோணும் எண்டு எழுதிற இடத்தில, பெயருக்குக் கடைசியில ஒரு புள்ளி வைக்கோணும். வைக்காட்டி அதே பெயரைப் பின்னால இன்னொருக்கா ஒட்டிப்போடும். அப்பிடி ஒரு இடமே இல்லை. அதாலதான் வாற மெயில் எல்லாம் திரும்பிப் போகுது.”

“பள்ளிக்கூடத்திலயும் உனக்குப் புள்ளி குறைவுதானே! கனடாக் கலியாண வீட்டுக்காரர் இண்டைக்குப் பதில் இல்லாட்டி வேற விடுதி பாப்பினமாம்.”

“இப்ப வைச்சிட்டன். திரும்ப அனுப்பச் சொல்லுங்கோ.”

அக்கா கனடாவிலிருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்து, கலியாண வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னார். சீனக்குடா வந்தது, போனது. நான் எழும்பவில்லை. முகவரி சரியாக இருந்தும் போய்ச் சேராத மெயில் அந்த பஸ்ஸில் நான் ஒருவன்தான்.

கப்பல்துறை கிட்ட வரும்போது மடிக்கணினி ‘டிங்’ என்றது.

“வந்திட்டுது அக்கா! எல்லா அறையையும் தங்களுக்கே தருவீங்களோ எண்டு கேக்கினம்.”

“‘ஓம்’ எண்டு போடு. புள்ளியை விட்டிடாத!”