பால் மறந்த குட்டிகளுக்குப் பந்தி வைத்த டாக்டர் ஜெயசீலன் அவர்களுக்கு

இன்று காலை ஏழே காலுக்கு எள்ளுப் புண்ணாக்கு லாரி வந்து நின்றது.

மதிப்புக்குரிய ஐயா! குன்னத்துப் பன்றிப் பண்ணைக்குத் தீவனக் கணக்குப் போட்டவரே! அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே திரும்பியவரே! ‘தீவனச் செம்மல்’ என்று போடச் சொன்னார் கலவை எந்திரம் ஓட்டும் செல்லமுத்து. நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டோம். பிறகு, சிரித்தால் சிரிக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டோம். தீவனச் செம்மலே!

இன்று உங்கள் ஓய்வுப் பாராட்டு விழாவில் வாசிக்க இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நீங்கள் செய்தது என்னவென்று எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை.

வந்த புதிதில், தாயிடமிருந்து பிரித்த குட்டிக்குப் புரதத்தைக் கூட்டச் சொன்னீர்கள். சோயாவைக் கூட்டினோம். குட்டிகள் வளர்ந்தன. சில வருடம் கழித்துக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தோம். அப்போதும் வளர்ந்தன, கழிச்சல்கூட நின்றது. எதுதான் சரி என்று கேட்டோம். “அப்பத் தெரிஞ்சது அது, இப்பத் தெரிஞ்சது இது” என்றீர்கள்.

குட்டிக் கொட்டகையைப் பார்க்கும் சின்னம்மாள் மட்டும் விடவில்லை. “தாயப் பிரிஞ்சு வத்திப்போயி நிக்குது. இதுக்கா சார் சோயாவக் கொறைக்கிறீங்க? ஒங்க வூட்டுப் புள்ளைன்னா கொறைப்பீங்களா?”

நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். தின்ற புரதம் அமினோ அமிலங்களாகப் பிரியும். சதை பிடிக்க அவை எல்லாம் அதனதன் அளவில் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை வீண். வீணாவதைத் தாங்கப் பால் மறந்த குட்டியின் குடலுக்குத் தெரியாது, கழியும். அதனால் சோயாவைக் குறைத்து, எந்த அமிலம் போதவில்லையோ அதை மட்டும் பொடியாகச் சேர்க்க வேண்டும். சொல்லிவிட்டு எங்களைக் கேட்டீர்கள்: “பந்தியில நூறு எலை. சோறு நூறு பேருக்கு இருக்கு. கொழம்பு நாப்பது பேருக்குத்தான். எத்தன பேரு சாப்புடுவாங்க?”

“நூறு பேரும்தான் சார்” என்றார் மூட்டை இறக்கும் பாவாடை. “மிச்ச பேருக்கு ரசம்.”

கொட்டகையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. “பன்றிக்கு ரசம் கிடையாது, பாவாடை” என்றீர்கள். ஓர் அமிலத்துக்கு இன்னொன்று ஈடாகாது என்று பொருளாம். எங்களுக்கு அது உறைக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. உறைத்ததா என்பது இன்னும் சந்தேகம். ஆனால் டீசலோ டீத்தூளோ, பண்ணையில் எது தீர்ந்தாலும் “ரசம் கிடையாது” என்கிறோம்.

நீங்கள் யாரையும் அதட்டியதில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதுமில்லை. “எது கொறையுதுன்னு நீங்க சொல்லுங்க” என்பீர்கள். நாங்கள் தப்பாகச் சொல்வோம். சரியான அளவைச் சுவரில் எழுதிவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது.

சுவரில் இப்போது இருப்பது சோயாவுக்கு எழுதிய அளவு. வந்து இறங்கியிருப்பதோ எள்ளுப் புண்ணாக்கு. சோயா கிடைக்கவில்லை என்று முதலாளி மாற்றிவிட்டார். எள்ளில் குறைவதும் அதே அமிலம்தானா, தெரியாது. திங்கட்கிழமை குட்டிகளைப் பிரிக்க வேண்டும். பிரித்த முதல் வாரம் தவறினால் அந்த ஈற்றே தேறாது. லைசின் என்ற அமிலப் பொடி மூட்டை ஒரு பக்கம், மெத்தியோனின் என்ற அமிலப் பொடி மூட்டை ஒரு பக்கம், நடுவில் நாங்கள். இரண்டையும் கூட்டு என்கிறார் செல்லமுத்து. இரண்டையும் தொடாதே என்கிறார் எடை போடும் மலர்கொடி. காலையில் போனில் கேட்டோம். இன்றைக்கும் “நீங்க சொல்லுங்க” என்றுதான் சொன்னீர்கள்.

ஐயா, நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும்! நடக்கத் தெம்பும், நல்ல தூக்கமும், போகிற பஸ்ஸில் எல்லாம் ஜன்னலோரமும் கிடைக்கட்டும்! உங்கள் இலையில் எதுவும் குறையாதிருக்கட்டும். குறைந்தால், உங்களுக்காவது ரசம் இருக்கட்டும்!

இங்ஙனம்,
செல்லமுத்து, பாவாடை, மலர்கொடி
மற்றும் பண்ணைப் பணியாளர்கள்

சின்னம்மாள் கையெழுத்துப் போடவில்லை. பதில் வந்தபிறகுதான் போடுவாராம். எல்லார் முன்னாலும் மைக்கில் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும் என்கிறார். அவர் கேட்பதை அப்படியே வாசிக்கிறோம்:

“மாலையக் கழட்டறதுக்கு முந்தி சொல்லிடுங்க சார். எள்ளுல எது கொறச்சல்?”