முள் ஏறி நின்ற நாளும் எபனேசர் ஐயாவும்

குளிர் காத்த கோமகனே! பழுது பார்க்கையில் பதறாத பண்பாளரே! இராசபாளையத்திலிருந்து எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு முப்பதாண்டுகள் வந்துழைத்து இன்று பணி ஓய்வு பெறும் மெக்கானிக் எபனேசர் ஐயா அவர்களே! வணங்கி வாழ்த்துகிறோம்.

அவையிலிருக்கும் மக்களே, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு நெருங்கி உட்காருங்கள். ஐயா தம் வாயால் சொல்லாத கதை ஒன்றைச் சொல்கிறோம்.

ஓர் ஆண்டு ஆயுத பூசைக்கு மறுநாள் குளிர் அறை சூடேறிப் போனது. உள்ளே அடுக்கிய பால் கெடும் நிலை. கூட்டித் துடைக்கும் மாரிக்கனி அக்கா கதவைத் திறந்து போட்டதே காரணம் என்று கொதித்தார் மேலாளர் தங்கப்பாண்டியன்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வராதம்மா."

"கொண்டியப் போட்டுட்டுத்தான் போனேன். எபனேசர் அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க!"

"கேஸ் போயிருக்கும், ஏத்துங்க" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். குளிர் குறைந்தாலே கேஸ் போச்சு என்பதுதானே நம்மூர்ப் பேச்சு! ஐயா அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி மெசினை ஓடவிட்டார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் மெசின் தானே நின்றது.

"கேஸ் போனா முள்ளு இறங்கணும்ல? இது ஏறி நிக்கி. சூடு வெளிய போக வழியில்லாம மூச்சு முட்டுது. கதவு மேல குத்தமில்ல."

அக்காவின் முகம் தெளிந்தது. ஐயா மாடியேறிச் சூடு தள்ளும் கண்டென்சரின் பின்பக்கம் போனார், அங்கேயே நின்றுவிட்டார். பூசைக்குக் கட்டிய மஞ்சள் துணி, காற்றாடி இழுத்த இழுப்பில் தகட்டோடு அப்பிக் காற்றை அடைத்துக் கிடந்தது. கட்டியவர் அதே மாரிக்கனி அக்கா. மறைத்தால் பொய், சொன்னால் ஓர் ஏழையின் பிழைப்பு. நெஞ்சுக்குள் செபித்தாரோ என்னவோ!

பிறகு மேலாளரை அழைத்துக் காட்டினார். அக்காவும் பின்னாலேயே மாடியேறி வந்தார்.

"அந்தம்மா பக்தியில கட்டுச்சு. பூசை முடிஞ்ச பொறவு சுத்திப் பாக்காம சுவிட்சப் போட்டது நான். மெக்கானிக் நானா, அந்தம்மாவா? அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

"உம்ம அனுப்பிட்டு நான் பாலை ஊதி ஊதியா ஆத்தப் போறேன்? ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்கவே!"

"தாயி, நீ கட்டுனத நீயே அவுத்துரு. நான் இழுத்துப் போட்டா நல்லாயிருக்காது" என்றார் ஐயா. அக்கா அதைக் கண்ணில் ஒற்றி அவிழ்த்தார். முள் இறங்கியது, பால் பிழைத்தது. அக்காவின் வேலையும் நிலைத்தது. இன்றும் எங்களோடு பணியில் இருக்கிறார்.

கருவியின் கோளாறைக் கண்டு, மனிதர் மேல் பழி விழாமல் காத்த மாண்பாளரே! துணைவியார் ஜூடி அம்மையாரோடு நோயின்றி நூறாண்டு வாழ்க! கேட்டிருந்த மக்களே, உங்கள் வீட்டில் எவர்மேலும் ஆராயாப் பழி விழாதிருக்கட்டும். விழுந்தாலும், "அது நான்" என்று முன்னால் வந்து நிற்க ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்!

அன்பில் நெகிழும்
நிலையப் பணியாளர்கள்