ஊசிக்குப் பிறகு வந்த இருட்டு

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். உப்பளத்தைத் தாண்டும்போது இளையவள் சொன்னாள்:

"ஏங்க விளக்கை அணைச்சிட்டீங்கன்னு கேட்டா, அக்கா. அப்ப பகல் பன்னெண்டு மணி."

"யாரு?"

"உப்பளத்துல வேலை செய்யற பொண்ணு. தலைப்பிரசவம். குழந்தை பொறந்ததும், ரத்தம் அதிகமா போகக்கூடாதேன்னு கர்ப்பப்பை சுருங்கறதுக்கு ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்துல தலை வெடிக்குதுன்னா. அப்புறம் கண்ணு தெரியல."

"ஊசிக்கு முன்னாடி பிரஷர் பாத்தியா?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன.

"பாக்கல. காலு வீங்கியிருந்துச்சு, அதைப் பாத்தும் அவசரத்துல விட்டுட்டேன். பிரஷர் இருக்கறவங்களுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு படிச்சவதானே நான்."

"இப்ப எப்படி இருக்கா?"

"ஜீப்புல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூணாம் நாள் பார்வை வந்துடுச்சு. குழந்தையும் நல்லா இருக்குது. நேத்து போய், தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டேன். அவ கோவிச்சுக்கல. என் கையை எடுத்துத் தடவித் தடவிப் பாத்தா."

"எதுக்கு?"

"'இருட்டா இருந்தப்ப என் கையைப் பிடிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தது நீங்க இல்லையா? அந்தக் கை ஜில்லுனு இருந்துச்சே'ன்னு கேட்டா. நான் அப்ப ஜீப்பைக் கூப்பிட ஓடிட்டேன், அக்கா. அவ அம்மாவும் பயந்துபோய் என் பின்னாடியே வந்துட்டாங்க. ரூம்ல அவளையும் குழந்தையையும் தவிர யாருமே இல்ல."