அம்மாவுக்கு எந்தச் சேலை

— அந்த வாடாமல்லிக் கலரு சேலைய உள்ள வையி சுடரு. அம்மா தெவசத்துக்கு மாட்டப்போற படம். நாலு சனம் வந்து பாக்கும்ல.

— பாக்கட்டுமே. சத்துணவுக்கூடத்துக்கு அம்மா இதைக் கட்டிக்கிட்டுத்தானண்ணே போகும். பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு இந்தச் சேலையப் பாத்தாத்தான் அம்மான்னே தெரியும்.

— என்னங்குற நீ? செத்தும் அடுப்படியிலயே நிக்கணுமா எங்கம்மா?

— ஒங்கம்மாவா? அப்ப எனக்கு யாராம்?

— சரி ஆத்தா, நம்மம்மா. வார்த்தயப் புடிக்காத. பட்டு எங்க? மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. போன தடவ வந்தப்பத் திருச்சியில கடை கடையா ஏறி எடுத்துக் குடுத்தேனே.

— இருக்கு, பீரோவுல அடியில. கட்டவே இல்ல.

— ஒரு நாளு கூடவா?

— நீ வாரப்பக் கட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

— அடக் கடவுளே. எடு அதை. அதைக் கட்டிக்கிட்டு நீ உக்காரு. கீரனூர் ஸ்டூடியோ சூசைராஜ் அண்ணன் என்ன சொன்னாரு? அம்மா மாதிரி ஒடம்பு வாகு உள்ளவுக யாராச்சும் சேலை கட்டி உக்காந்தா, என் போன்ல இருக்குற அம்மா மூஞ்சிய அதுல ஒட்டித் தர்றேன்னாருல்ல.

— அவரு கம்ப்யூட்டர்லயே ஏதாச்சும் ஒடம்பு வச்சிருப்பாரு. அதுல ஒட்டச் சொல்லேன்.

— எவ ஒடம்புலயோ அம்மா தலைய வைக்கவா? வெக்கமா இல்ல ஒனக்கு? நீ அம்மாவ உரிச்சு வச்சிருக்க. அதே தோளு, அதே கைச்சதை. நான் சிங்கப்பூர் போறப்ப அம்மா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்க.

— நீ போறப்ப.

— என்ன இழுக்குற?

— ஒண்ணுமில்லண்ணே. நீ போயி எத்தனை வருசமாச்சுன்னு நெனச்சேன்.

— குத்திக் காட்டாத புள்ள. வர முடியல. கப்பல் பட்டறை வேலை, புதுக் கம்பெனி. இப்பப் போயி லீவு கேட்டா பெர்மிட்ட வெட்டி ஊருக்கே அனுப்பிருவான்னு அம்மாகிட்டயே சொன்னேன்.

— சொன்ன. அம்மாவும் அதையேதான் எங்கிட்டச் சொல்லும். அண்ணன் போன் போட்டா நல்லாருக்கோம்னு சொல்லிச் சிரிச்சுப் பேசிட்டு வையி, வேற ஒரு வார்த்த பேசப்புடாதுங்கும்.

— எங்கிட்டயும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கும். இந்தா பாரு, வீடியோ கால்ல புடிச்சு வச்சது. இது ஒண்ணுதான் தெளிவா விழுந்திருக்கு. அதுவும் நெத்தியில இருந்து தாடை வரைக்கும்தான். எப்பப் பாரு போன மூஞ்சிகிட்டயே வச்சுக்கும். கொஞ்சம் தள்ளிப் புடிம்மான்னா, கண்ணு தெரியலடாங்கும்.

— ம்.

— தோளுல துண்டு வேற. சித்திரை வெயில்ல என்னம்மா துண்டுன்னு கேட்டா, ஃபேன் காத்து ஆகலையாம். கன்னம் ஒட்டிப்போச்சேன்னு கேட்டா, பல்லப் புடுங்கிட்டேன்டான்னு ஒரு சிரிப்பு. நானும் சரின்னு விட்டுட்டு என் கதையப் பேசிக்கிட்டு இருப்பேன்.

— அண்ணே, கீரனூர் பஸ்ஸு வந்துரும். வாடாமல்லியே இருக்கட்டும்ணே. அதோட பழைய ஜாக்கெட்டு எனக்குச் சரியாப் பத்தும்.

— பட்டுக்கு ஜாக்கெட்டு இல்லையா?

— தைக்கவே இல்ல. துணி அப்படியே கெடக்கு.

— கெடந்தாக் கொண்டா. கீரனூர்ல நின்ன எடத்துல தச்சு வாங்கிருவோம்.

— எதுக்குண்ணே இந்தப் பிடிவாதம்?

— பிடிவாதமா? பெத்தவ மொகத்தக் கடைசியா வந்து பாக்கலைனு ஊரே பேசுது, எனக்குக் காது இல்லையா? சக்கரை கொறஞ்சு பொசுக்குன்னு போயிருச்சுன்னு நீ போன் பண்ணுன. டிக்கெட்டு கெடைக்கல. கேதத்தையும் போன்லதான் பாத்தேன். அம்புட்டு மாலைக்கு நடுவுல மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுச்சு. கைய, காலக் கூடப் பாக்கல சுடரு. நான் எடுத்துக் குடுத்த பட்டுல அம்மா முழுசா உக்காந்திருக்குற மாதிரி ஒரே ஒரு படம். ஒண்ண இங்க மாட்டிட்டு இன்னொண்ண அங்கிட்டு என் ரூம்புக்குக் கொண்டு போகணும். வேற என்னத்தக் கேட்டேன் ஒங்கிட்ட?

— அழுகாதண்ணே.

— எனக்கென்ன அழுக. நவுரு, பட்ட நானே எடுத்துக்கிறேன்.

— வேணாம்ணே, எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுருவ. நான் எடுத்துத் தாரேன், செத்த இரு. அண்ணே, சொல்றேன்ல!

— இந்தா இருக்கு. மடிப்புக் கூடக் கலையல. அம்மா அந்துருண்டை போட்டுல்ல வச்சிருக்கு. இது என்னது, மடிப்புக்குள்ள?

— அதைக் குடுண்ணே.

— ஜாக்கெட்டு! தைக்கவே இல்லேன்ன? அரக்குக் கலரு, இதே பட்டுத் துணிதான?

— குடுங்குறேன்ல.

— இருடி. இம்புட்டுக்கூண்டு இருக்கு! ஏ சுடரு, அம்மாவுக்குன்னு நான் எடுத்த துணிய வெட்டி ஒம் மகளுக்காத் தச்ச? ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு ஊருல வேற துணியே இல்லையா? அதான் காலையில இருந்து பட்டு வேணாம் பட்டு வேணாம்னு நின்னியா?

— அவளுக்குத் தைக்கலண்ணே.

— பெறகு ஒனக்கா? எங்க, ஒரு கைய நொழை பாப்போம். கேக்குறேன்ல, யாருக்குத் தச்சது இது?

— பொங்கலுக்கு வந்தாலும் வருவேன்னு சொன்னியே, அப்பக் கட்டிக்கிறதுக்குன்னு டெய்லரக்காவ வீட்டுக்கே வரச்சொல்லி, கட்டில்ல உக்காந்தபடியே தச்சு வாங்குச்சு. அது அம்மாவோட அளவுதாண்ணே.